தங்க வண்டியின் பத்திரம்

"ஐயா, அப்பாவோட வண்டிய குடுத்துரலாம்னு இருக்கேன். கொழும்புல இருந்து ஒருத்தர் பாக்க வாறாரு. நீங்களும் ஒருக்கா வந்தீங்கன்னா நல்லது."

2025 பெப்ரவரி தொடக்கத்தில் எல்லவிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு அது. அழைத்தவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அவருடைய தந்தையார் எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஸ்டோரில் மெக்கானிக்காக இருந்தவர். தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றே அழைப்பார்கள் என்பது மலையகத்தை அறிந்த வாசகர்களுக்குத் தெரியும். 1983 கலவரத்துக்குப் பின்னர் செய்தி சேகரிக்கப் பதுளைக்குச் சென்றபோது அந்தப் பெரியவருடன் எனக்கு ஏற்பட்ட பழக்கம், 2011இல் அவர் மறையும்வரை நீடித்தது.

விற்கப்படவிருந்த வண்டி, ஏரியல் ஆரோ சூப்பர் ஸ்போர்ட்ஸ் என்னும் பிரித்தானிய மோட்டார் சைக்கிள். 1961ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இங்கிலாந்தில் இதனைக் 'கோல்டன் ஆரோ' என்பார்கள். பொன்னிறப் பூச்சும், வெள்ளை வளையமிட்ட டயர்களும், சிவப்புக் கைப்பிடிகளும் கொண்ட அந்த வண்டியைத் தோட்டத்துப் பிள்ளைகள் 'தங்க வண்டி' என்றார்கள். இங்கிலாந்திலிருந்த பெயரை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. எனினும் அந்த வண்டியின் கதையை எழுத வேண்டும் என்ற எண்ணம் நீண்ட காலமாக மனதில் இருந்தது. அது கைமாறப்போகும் நாளிலாவது உடனிருப்போம் என்று கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஏறினேன்.

ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகச் செல்லும் இந்த ரயில்பாதை பதுளையை எட்டியது 1924இல். உல்லாசப் பயணிகள் இன்று மொய்க்கும் ஒன்பது வளைவுப் பாலம் அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாக, 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்குவதற்காகப் போடப்பட்ட பாதை, துரைமாரின் பியானோக்களையும் மதுப்புட்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மேலே ஏற்றி வந்தது.

தோட்டத்து அதிகாரப் படிநிலையை வாகனத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். பெரியதுரை காரில் வருவார். இங்கிலாந்திலிருந்தோ ஸ்கொட்லாந்திலிருந்தோ வந்து தொழில் பழகும் இளைஞரான சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வருவார். கங்காணியும் கணக்குப்பிள்ளையும் நடந்து வருவார்கள். சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென்று வெளிவந்த கையடக்க வழிகாட்டி ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கோ அவர் வந்து கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இரண்டு மலைகளுக்கு அப்பால் எழும் எஞ்சின் சத்தத்திலேயே வருவது எந்தத் துரை, எந்த வளைவில் திரும்புகிறார் என்று சொல்லிவிடுவார்களாம். நிரையில் பேச்சு அடங்கிவிடும்.

அந்தச் சத்தங்களுள் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் சத்தம் தனியானது. நான்கு வீச்சு எஞ்சினில் சுழல்தண்டு இருமுறை சுற்றும்போது ஒருமுறைதான் எரிபொருள் வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. வால்வு கிடையாது, அதனை இயக்கும் கேம் தண்டும் கிடையாது. சிறிய, எடை குறைந்த எஞ்சினிலிருந்து மிகுந்த விசையைப் பெறலாம். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து எரிப்பதால் நீலப் புகை பின்தொடரும்.

அந்தக் காலத்துப் பிரித்தானிய நிறுவனங்கள் டூ-ஸ்ட்ரோக்கை ஏழையின் வாகனமாகவே கருதின. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. வடிவமைப்பைப் போர் இழப்பீடாகப் பெற்று, 1948இல் பி.எஸ்.ஏ. நிறுவனம் வெளியிட்ட பாண்டம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தபால்காரர்கள் ஓட்டிய வண்டி அது. ஏரியல் மட்டும் துணிந்து வேறு வழியில் போயிற்று. 1958இல் லீடர் என்ற வண்டியை வெளியிட்டு, அடுத்த ஆண்டு நான்கு வீச்சு எஞ்சின்களை முற்றாகக் கைவிட்டது. லீடரின் மேலுறைகளைக் கழற்றி எடையைக் குறைத்து வந்தது ஆரோ. அதன் வேகமான வடிவமே 1961இன் சூப்பர் ஸ்போர்ட்ஸ். 247 கனசென்ரிமீற்றர், இரட்டைச் சிலிண்டர், 20 குதிரைத்திறன்.

இந்த வண்டியில் ஒரு விசித்திரம் உண்டு. இருக்கைக்கு முன்னால் தாங்கி போலத் தெரிவது பெட்ரோல் தாங்கியன்று. உள்ளே வெறும் பெட்டி. கருவிகளோ கையுறைகளோ வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல், இருக்கைக்கு அடியில் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் முக்கியமான பொருள் ஐம்பது ஆண்டுகள் கிடந்தது அந்தப் பொய்த் தாங்கிக்குள்தான்.

ஏரியலின் துணிச்சல் நெடுநாள் நிலைக்கவில்லை. 1959இல் வந்த மினி போன்ற சிறிய கார்கள் ஒருபுறமும், ஜப்பானியர் மறுபுறமும் நெருக்க, 1965இல் இவ்வகை வண்டிகளின் உற்பத்தி நின்றது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் சுவீடன் பந்தயத்தின்போது தப்பி, சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். டூ-ஸ்ட்ரோக் நுட்பங்களும் அவருடன் ஜப்பானுக்குப் போயின. மறுவருடமே சுசுகி 50 கனசென்ரிமீற்றர் பிரிவில் உலக வெற்றி பெற்றது. 1973இல் வந்த யமஹா ஆர்.டி. 350, பத்தாண்டுகள் கழித்து இந்தியாவில் ராஜ்தூத் 350 ஆகப் பிறந்ததைத் தமிழகத்து நண்பர்கள் அறிவார்கள். பெட்ரோலைக் குடிக்கிறது என்று அன்று ஒதுக்கப்பட்ட அந்த வண்டியை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

எல்லவுக்கு வந்த தங்க வண்டியின் அருமைக்கு இலங்கை வரலாற்றிலும் காரணம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, மோட்டார் வாகன இறக்குமதியை அரசு இறுகக் கட்டுப்படுத்தியது. அந்தக் கதவு மூடும் தறுவாயில், ஓர் ஆங்கிலேயச் சின்னத்துரையுடன் கப்பலில் வந்து சேர்ந்தது இவ்வண்டி. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது இறக்குமதி மீண்டும் பெருகிற்று. ஆனால் வந்தவை ஜப்பானிய வண்டிகள். ஏரியல் அப்போது உற்பத்தியிலேயே இல்லை.

வண்டியின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1957 ஜனவரிக்கு முன்னர் இலங்கை வாகனங்கள் ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. அதன் பின்னர் சிங்கள ஸ்ரீ கட்டாயமாயிற்று. தனிச் சிங்களச் சட்டத்தின் காயம் ஆறாதிருந்த வேளையில், வீதியில் ஓடும் ஒவ்வொரு தகடும் தமிழருக்கு ஓர் அவமதிப்பாகத் தோன்றியது. 1958 வசந்த காலத்தில் தார் பூசும் போராட்டம் மூண்டது. மலையகத்திலும் அது பரவி, பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர். ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதம் கலவரம் வெடித்தது. மூன்றாண்டுகளின் பின் கப்பலில் வந்த வண்டி அந்த எழுத்தைச் சுமந்தது. கூடவே ஒரு பதிவுப் புத்தகமும் அதற்குக் கிடைத்தது. எஞ்சின் எண், சட்டக எண், நிறம், உரிமையாளர் பெயர் எல்லாம் அதிலிருந்தன.

வண்டியைப் பழுதுபார்த்த மெக்கானிக்கிடம் அப்படி எந்தப் பத்திரமும் இருக்கவில்லை.

அவர் பிறந்தது 1935இல், அதே தோட்டத்தில். அவருடைய தந்தையும் அங்கேயே பிறந்தவர். ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, சுமார் 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். மெக்கானிக்கின் குடும்பம் நிராகரிக்கப்பட்டவர்களின் பக்கம் இருந்தது. பாட்டன் எப்போது வந்தார் என்பதற்குப் பத்திரம் கேட்டார்களாம். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அவர்கள் எண்ணிக்கையாகிப் போனார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். 1974இல் அந்த மிகுதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது.

மெக்கானிக் தன் தமையனோடு சேர்ந்து இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். தமையனுக்கு முதலில் அழைப்பு வந்தது. தலைமன்னாருக்குச் சென்ற அந்த ரயிலை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். தமையன் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார். தம்பி தன் முறைக்காகக் காத்திருந்தார்.

காத்திருந்த காலத்தில் அவர் கற்ற வித்தையை ஒருமுறை எனக்கு விளக்கினார். எல்லவிலிருந்து வெல்லவாய வரை பாதை 800 மீற்றருக்கு மேல் கீழிறங்குகிறது. அந்த இறக்கத்தில் வேறு எந்த மோட்டார் சைக்கிளையும் போல எண்ணி, முறுக்கியை மூடிக்கொண்டு இறங்கினால் டூ-ஸ்ட்ரோக் வண்டி மோசம் செய்துவிடும். அதற்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் போகிறது. பெட்ரோலை நிறுத்தினால் எண்ணெயும் நின்றுவிடும். சக்கரமோ எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வறண்ட சிலிண்டரில் பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சின்னத்துரைக்கு இராவணா அருவியருகே அப்படி நேர்ந்து, தூக்கி எறியப்பட்டாராம். மெக்கானிக் லொறியில் போய் வண்டியை ஏற்றி வந்து, பிஸ்டனைத் தேய்த்துச் சரிசெய்து, அவரிடம் சொன்னார்: "இறங்கும்போதும் அப்பப்ப கொஞ்சம் முறுக்கி விடணும் தொர. கீழ போற நேரத்துலதான் அதுக்குத் தீனி தேவை."

அந்தச் சின்னத்துரை பின்னர் பெரியதுரை ஆனார். கார் வந்தது. வண்டி பங்களாக் கொட்டகையில் ஓய்ந்தது. 1972இல் தொடங்கிய காணிச் சீர்திருத்தம், 1975இல் பிரித்தானியக் கம்பெனிகளின் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. துரைமார் மூட்டை கட்டினார்கள். தளபாடங்களும் வாத்தியங்களும் நாய்களும்கூடக் கிடைத்த விலைக்குக் கைமாறின. பெரியதுரை தங்க வண்டியை மெக்கானிக்குக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை, மூன்று மாதச் சம்பளத்தை இவர் எண்ணிக் கொடுத்தார். இலவசமாகப் பெற்றேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் பெரியவர் கடைசிவரை கவனமாக இருந்தார். பதிவுப் புத்தகத்தையும், உரிமை மாற்றப் படிவத்தையும் துரை தந்தார். விற்பவர் கையொப்பம் இருந்தது. வாங்குபவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. "நீயே எழுதிக்கொள்" என்றாராம்.

அவர் எழுதவில்லை. ஏன் என்று 1984இல் நான் கேட்டபோது சிரித்தார். "பேரு மாத்தப் போனா அடையாள அட்டை எங்கன்னு கேப்பாங்க. இல்லன்னா நீ எந்த நாட்டுக்காரன்னு கேப்பாங்க. இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தவனுக்கு இங்க எதுக்கு வண்டின்னு கேப்பாங்க. நான் என்னத்த சொல்ல?" தேசிய அடையாள அட்டை 1972 முதல் நாட்டில் வழங்கப்பட்டு வந்தது. அவரிடம் அது இருக்கவில்லை. எந்தச் சட்டம் அவரைத் தடுத்தது என்று நான் தேடியதில்லை. அலுவலகப் படியேற அஞ்சும் அளவுக்கு ஒரு மனிதரைப் பழக்கிவிட்டிருந்தார்கள் என்பதே எனக்குப் போதுமான செய்தியாக இருந்தது.

1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரம் எரிந்தது. தோட்டத்துக்கும் வந்துவிடுவார்கள் என்ற செய்தி பரவியபோது, ஸ்டோரின் விறகு அடுக்குக்குள் வண்டியை மறைத்தார். சில மாதங்கள் கழித்து, விறகை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எனக்கு அதைக் காட்டியபோது பொன்னிறத்தின் மேல் சாம்பல் படிந்திருந்தது. மறு ஆண்டு தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியாவுக்குப் போகவேண்டியவர் போக முடியாதவரானார். போகாதவர் இங்கேயும் குடிமகன் ஆகவில்லை. 2003ஆம் ஆண்டு இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது. குடியுரிமை கிடைத்த பிறகு படிவத்தை நிரப்ப எண்ணினார். இங்கிலாந்திலிருந்த பழைய துரைமார் சிலருக்கு அவருக்காக நான் கடிதம் எழுதினேன். வண்டியின் உரிமையாளர் பல ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டதாகப் பதில் வந்தது. படிவம் பொய்த் தாங்கிக்குள் திரும்பிச் சென்றது.

நண்பர்களே, இனி விற்பனைக்கு வருகிறேன்.

கொழும்பிலிருந்து வந்தவர் இளைஞர், நல்ல மனிதர், வண்டியை அறிந்தவர். எஞ்சின் எண்ணைக் கைவிளக்கில் படித்தார். சட்டக எண்ணோடு ஒப்பிட்டார். சைலன்சரின் உள்ளே படிந்த கரியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பிஸ்டன் வளையம் ஸ்டோரின் கடைசல் இயந்திரத்தில் கையால் செய்யப்பட்டது என்று கேட்டதும், சற்று நேரம் பேசாமல் நின்றார். மகன் உதைத்தார். மூன்றாவது உதையில் நீலப் புகையோடு எஞ்சின் உயிர்பெற்றது. பக்கத்து லயத்திலிருந்து ஒரு மூதாட்டி எட்டிப் பார்த்து, "சின்னத்தொர வந்துட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தார்.

பின்னர் பேரம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அந்த மாதம் முதலாம் திகதிதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது. ஐந்தாண்டுகள் வானத்தில் நின்ற விலைகள் இனி இறங்கும் என்றார் வாங்க வந்தவர். இது புதிதாக இறக்குமதி செய்யக்கூடிய பொருளல்லவே என்று நான் குறுக்கிட்டேன். அதை அவரும் ஒப்புக்கொண்டார். உண்மையான சிக்கல் பொய்த் தாங்கியைத் திறந்தபோது வந்தது.

படிவத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அங்கிள், இது திறந்த பத்திரம். பெயர் எழுதவே இல்லை. இதில் என் பெயரை எழுதிக்கொண்டால் அலுவலகத்தில் முயன்று பார்க்கலாம். முழு விலையும் தருகிறேன். இல்லையென்றால் சட்டப்படி வண்டி இன்னமும் அந்த வெள்ளைக்காரருடையது. பாகங்களின் விலைதான் கொடுக்க முடியும்." பாகங்களின் விலை என்று அவர் சொன்ன தொகை, முழு விலையில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த நாட்டில் பழைய வாகனங்கள் இப்படித் திறந்த பத்திரத்தில் கை மாறுவது வழக்கம்தான். இறந்தவரின் கையொப்பத்துக்கு மேல் இன்றைய பெயரை எழுதுவது நேர்மையாகாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பணம் எதற்கென்று எனக்குத் தெரியும். மகனின் கடைசிப் பெண் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அவள் தங்கிப் படிக்க வேண்டும். பிறர் பசியின் மேல் நின்று அறம் பேசுவது எளிது. நான் வாய் திறக்கவில்லை.

மகன் படிவத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். பின்னர் கேட்டார்: "தொர பேரு இருக்கு. இப்ப உங்க பேரு வரும். நடுவுல அப்பா எங்க?"

வாங்க வந்தவரிடம் பதில் இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் வண்டியை வைத்திருந்தவரின் பெயர் அந்தக் காகிதங்களில் ஓரிடத்திலும் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் வேறு பெயர் ஏறிவிட்டால், துரையிடமிருந்து நேரே சேகரிப்பாளரிடம் வண்டி வந்ததாகவே எதிர்காலம் நம்பும்.

பிள்ளை உள்ளேயிருந்து வந்து தகப்பனின் கையிலிருந்த படிவத்தை வாங்கினாள். பேனாவை எடுத்தாள். வெற்றிடத்தில் பாட்டனின் பெயரை முழுமையாக எழுதினாள். "நான் வகுப்பு எடுத்துச் சமாளிச்சுக்கிறேன் அப்பா" என்றாள்.

மூன்றில் ஒரு பங்குக்கு என்று பேசியிருந்த விலையைப் பாதியாக உயர்த்தினார் அந்த இளைஞர். அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆதலால் நான் சொல்கிறேன். வண்டியின் கதையை ஒரு தாளில் எழுதித் தரும்படி மட்டும் கேட்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 1961இல் இறக்குமதி செய்தவர், 1975இல் மூன்று மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியவர், 2011 முதல் வைத்திருந்தவர், இப்போது பெறுபவர் என்று வரிசையாக நான்கு பெயர்கள். எல்லோரும் கையொப்பமிட்டோம். சாட்சியாக நானும்.

சிறிய லொறி ஒன்றில் கயிறு கட்டி வண்டியை ஏற்றினார்கள். அது வெல்லவாயப் பக்கமாக இறங்கிச் சென்றது. அந்தத் தாளின் ஒரு பிரதியைப் பிள்ளை தன் கோப்பில் வைத்துக்கொண்டாள். பாட்டனின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான குடியுரிமைப் பத்திரமும் உரிமை மாற்றப் படிவமும் அதே கோப்பில் இருக்கின்றன.